நடுவில் விழுங்கிய ‘கு’

என் முழங்கால்கள் இரண்டும் கூடிப் பேசி என்னை வேலையை விட வைத்தன. சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு சேலைக்கடையில் கல்யாணமான புதிதில் சேர்ந்தவள் நான். அங்கே உட்கார நாற்காலி உண்டு, ஆனால் அது வாடிக்கையாளரின் கணவருக்கு. நாங்கள் நிற்க வேண்டும், ஏணியில் ஏற வேண்டும், மேல்தட்டிலிருக்கும் சேலையை இறக்க வேண்டும். அதை விரித்துப் பார்த்துவிட்டு, “கலர் கொஞ்சம் டல்லா இருக்குலா” என்பார்கள். சிரித்த முகம் மாறாமல் மடிக்க வேண்டும். என் எலும்புப் படத்தைப் பார்த்த மருத்துவர் இனிமேல் ஏணி ஆகாது என்று சொல்லிவிட்டார். முதலாளி நல்ல மனிதர், ஒரு பட்டுச்சேலை கொடுத்து அனுப்பிவைத்தார்.

வேலை போனதைவிடச் சம்பளம் போனதுதான் என்னைச் சுட்டது. வீட்டுச் செலவு என் வீட்டுக்காரருடையது, என் செலவு என்னுடையது என்று அதுவரை வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சேமிப்பு முழுவதும் வங்கியில் வைப்புத்தொகையாகக் கிடந்தது, அதை எடுக்க மனம் வராது. ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்த சமயத்தில் தலைச்சாயம் தீர்ந்துபோனது, கையில் காசும் இல்லை. கல்யாணமாகி முதல் தடவையாக அவரிடம் போய்க் கேட்டேன்.

“எதுக்கு?” என்றார்.

அவர் கஞ்சனில்லை. வெளியே மழையா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். ஆனால் எனக்கு உச்சி மயிர் வரை ஏறிவிட்டது. தலைச்சாயத்துக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. “ஒண்ணுமில்ல, விடுங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, நரைத்த தலையோடே கிளம்பினேன். போகும் வழியில் ரயிலில் என் வயதுப் பெண் ஒருத்தி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். இனி செத்தாலும் இந்த மனிதரிடம் கை நீட்டுவதில்லை என்று அந்த இருக்கையில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தேன்.

கையில் இருப்பதை எடுத்துத் தின்றால் தீர்ந்துபோகும். அது குட்டி போட வேண்டும். கடைத்தொகுதிகளை வைத்திருக்கும் ஒரு முதலீட்டு நிதி, வாடகையில் கிடைப்பதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது என்று கடைக்கு வரும் ஓர் அம்மா சொல்லியிருந்தார். எனக்கு அது பிடித்துப்போனது. அவர்களுடைய ஒரு கடைத்தொகுதிக்கு நேரிலேயே போய்ப் பார்த்தேன். எல்லா மாடியிலும் கூட்டம் இருந்தது, கழிவறை சுத்தமாக இருந்தது, நகரும் படிக்கட்டு ஓடியது. கண்ணால் பார்க்க முடிகிற ஒன்றில் காசைப் போடுவதில் என்ன தப்பு?

ஆனால் இப்போது பங்கு வாங்குவதெல்லாம் கணினியில் என்றார்கள். என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து, சமூக மன்றத்தில் நடந்த இணையப் பங்கு வர்த்தக வகுப்பை முடித்துவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு நடமாடிக்கொண்டிருந்தார். செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் காசைப் போட்டுப் பார்க்கப் பயம், அதனால் என் காசின் மேல் கண். எனக்கு அவர் தயவு வேண்டாம், ஆனால் எலியைப் பிடிக்கத் தெரியாது. கணினி எலியைச் சொல்கிறேன். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். கணக்கு என் பெயரில். எலி அவர் கையில். என் வாயிலிருந்து வார்த்தை வராமல் அவர் எதையும் அழுத்தக் கூடாது.

கணக்குத் திறப்பதே ஒரு கூத்து. பங்கு வாங்கும் இணையத்தளம் என் முகத்தைக் காட்டச் சொன்னது, காட்டினேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னது. கழற்றினால் அது அடுத்து என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் படித்துச் சொன்னார், நான் தலையைத் திருப்பினேன், பரதம் ஆடுகிறவள் மாதிரி கண்ணையும் சேர்த்துத் திருப்பினேன்போல. தளம் என்னை நானில்லை என்றது. “கொஞ்சம் சாதாரணமா இருலா, கடவுச்சீட்டுல இருக்கிற மாதிரி” என்றார் அவர். கடவுச்சீட்டுப் படம் எடுத்த அன்றைக்கு நாங்கள் சண்டை போட்டிருந்தோம். அதை நினைத்துக்கொண்டேன், உடனே ஏற்றுக்கொண்டது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு வைப்புத்தொகையை எடுத்து அந்தக் கணக்கில் போட்டேன்.

எங்கள் வேலைமுறை இப்படி அமைந்தது. மடிக்கணினி படுக்கையறையில், ஏனென்றால் அவருக்குக் குளிர்சாதனம் வேண்டும். ஒற்றை விரலால் தட்டும்போது யாரும் தோளுக்கு மேலே எட்டிப்பார்க்கவும் கூடாது. நான் சமையலறையில். அவர் உள்ளேயிருந்து ஏலம் விடுகிறவர் மாதிரி விலையைக் கத்துவார். “ஒண்ணு முப்பத்தஞ்சு! ஒண்ணு முப்பத்தாறு!” நான் கடுகு வெடிக்கும் சத்தத்துக்கு மேலே, “வேணாம், இருங்க” என்பேன். வாங்க வேண்டும் என்றால் “வாங்குங்க” என்று சொல்வதாகப் பேச்சு. பல நாள் “இருங்க”தான் நடந்தது. விலை இறங்கட்டும் என்று காத்திருந்தேன். கடையில் கற்றுக்கொண்ட முதல் பாடமே, அவசரப்படுகிறவனுக்குத்தான் அதிக விலை.

அன்றைக்கு அவர் விலையைக் கத்துவதை நிறுத்தியிருந்தார். கடைத்தொகுதியை மூடிவிட்டு, கப்பல் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியின் பங்கைத் திறந்துவைத்து, சும்மா எண்ணிக்கையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பழைய பாசம். “இது எப்படி இருக்கு, ஒரு கப்பல் கம்பெனி?” என்று உள்ளேயிருந்து கேட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் வாசலில் ஆள் வந்துவிட்டது.

வந்தது பக்கத்து வீட்டு அக்கா. மக்காவுக்கு உம்ரா போய்விட்டு, அங்கிருந்து மகள் வீட்டில் தங்கிவிட்டு, ரொம்ப நாள் கழித்து வந்திருந்தார். கையில் பேரீச்சம்பழப் பெட்டி. அவரைப் பார்த்ததும் எனக்குக் கால்வலியே மறந்துவிட்டது.

“வாங்க!” என்று கூவினேன். அக்கா செருப்பைக் கழற்றத் தயங்கினார், தரை ஈரமாக இருந்ததால். “அட, வாங்கன்னா! வாங்க!” என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

அக்கா உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். படுக்கையறைக் கதவைத் திறந்துகொண்டு, பரிசு வாங்கிய பள்ளிப் பிள்ளை மாதிரி என் வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

“வாங்கியாச்சு!” என்றார்.

“என்ன வாங்கினீங்க?” என்று அக்கா ஆவலாகக் கேட்டார்.

“கப்பல்!”

“மாஷா அல்லாஹ்!” என்றார் அக்கா.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தண்ணீர்க் குவளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் படுக்கையறைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். திரையில் என் பெயர் இருந்தது. பக்கத்தில் அந்தக் கப்பல் கம்பெனியின் பெயர். என் சேமிப்பில் பெரும்பகுதியைக் காணவில்லை.

“நான் எப்பங்க வாங்கச் சொன்னேன்?”

“இப்பதான்! வாசல்ல நின்னு கத்துனியே, வாங்க வாங்கன்னு.”

“வீட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு கூப்பிடாம, போங்கன்னா கூப்பிடுவாங்க?”

“எனக்கு எப்படித் தெரியும் ஆள் வந்தது? நான் கப்பல் எப்படின்னு கேட்டேன், நீ வாங்கன்ன. அழுத்தினேன். அது உடனே, உறுதியான்னு கேட்டுச்சு. எனக்கே கொஞ்சம் யோசனையா இருந்துச்சு. நீதான் வாங்கன்னா வாங்கன்னு அதட்டுன!”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். “நாம பேசி வச்சது ‘வாங்குங்க’. நான் சொன்னது ‘வாங்க’. நடுவுல ஒரு ‘கு’ இருக்கு. அந்த ‘கு’ எங்க?”

“நீ என்னைக்கு அந்த ‘கு’வச் சொல்லியிருக்க? ‘பால் வாங்க, தேங்கா வாங்க’ன்னுதான் இத்தனை வருஷமாச் சொல்ற. ‘கு’வ நீ முழுங்கிடுவ, நான் போய் வாங்கிட்டு வருவேன். இன்னைக்கு மட்டும் புதுசா இலக்கணம் கேக்குற!”

அவர் சொன்னது உண்மை, அதனால் கோபம் இரண்டு மடங்கானது. அவர் விடவில்லை. “நீ எங்கிட்ட எதையும் இவ்வளவு சந்தோஷமாச் சொன்னதில்ல. சரி, கப்பல்னா இவளுக்கும் ஆசை இருக்குபோலன்னு நெனச்சேன்” என்றார், குரல் இறங்கி. சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பைக் கடித்து விழுங்கிவிட்டேன், அந்த ‘கு’ போன இடத்துக்கே.

ரத்து செய்ய வழியுண்டா என்று தளத்தின் உதவி எண்ணில் கேட்டேன். கைமாறிய பங்கு கைமாறியதுதான், வேண்டாம் என்றால் விற்கலாம் என்றார்கள். விற்கலாம் என்று பார்த்தால் விலை இறங்கியிருந்தது. மறுநாள் இன்னும் இறங்கியது. நான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தில் வந்து, “கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். கவிழ்ந்தது என் கப்பல் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. சில நாள் அவரோடு பேசவில்லை. இதற்குள் அக்கா மூலமாகச் செய்தி பரவி, கீழே காப்பிக்கடையில் அவரைக் கப்பல்காரர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவர் மறுக்கவும் இல்லை.

பேச்சு திரும்பியதும் முதல் வேலையாக வார்த்தையை மாற்றினோம். ஆங்கிலத்தில் சொல்லலாம், ‘பை’ என்றால் வாங்க, ‘செல்’ என்றால் விற்க, குழப்பமே வராது என்றார் அவர். அன்று மாலையே கடைக்குக் கிளம்பும்போது, “பை எங்க? பை!” என்று கத்தினேன். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. “துணிப்பை! துணிப்பை!” என்று அலறிக்கொண்டு, வலிக்கும் காலோடு படுக்கையறைக்கு ஓடினேன். அவர் சும்மாதான் நாற்காலியை நகர்த்தியிருக்கிறார். பங்குச் சந்தைகூட அப்போது மூடியிருந்தது. பயம் யாரை விட்டது. ஊரிலிருந்து என் தங்கை பேசும்போது கைப்பேசியைச் ‘செல்’ என்பாள் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“அப்ப மலாய்ல வச்சுக்குவோம். பட்டறையில பேசுன பாஷை, தப்பே வராது. வாங்கறதுக்கு ‘பெலி’.”

“பலின்னு கேக்குது. என் காசுக்கு அந்த வார்த்தையே வேணாம்.”

“அலாமா! அப்ப எந்த பாஷையிலதான் நீ வாங்குவ?”

அந்தக் கேள்வியில் எனக்கு ஒன்று உறைத்தது. வார்த்தை எந்த மொழியில் இருந்தாலும் அது என் வாயிலிருந்து கிளம்பி அவர் காது வழியாக அவர் விரலுக்குப் போக வேண்டும். நடுவில் அத்தனை திருப்பம் எதற்கு? “எலிய இங்க குடுங்க” என்றேன். கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார்.

தளத்தில் பயிற்சிக் கணக்கு என்று ஒன்று இருந்தது. பொய்ப் பணம் கொடுத்து விளையாட விடுவார்கள். எனக்கு அந்தப் பொய்ப் பணத்தைச் செலவழிக்கவும் கை வரவில்லை. அவர் பின்னால் நின்று, “அது உன் காசில்லலா, சும்மா அழுத்து” என்று துடித்தார். இப்போது தோளுக்கு மேலே எட்டிப்பார்ப்பது அவர் முறை. நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், காப்பிக்கடைக்குப் போய்விட்டார்.

தனியாக உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. திரையின் ஒரு பக்கம் வாங்குகிறவர்கள், இன்ன விலை தருகிறேன் என்று நிற்கிறார்கள். மறுபக்கம் விற்கிறவர்கள், இன்ன விலைக்குக் குறையாது என்று நிற்கிறார்கள். நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அட, இது நம்ம கடை! என் வீட்டுக்காரர் அன்றைக்குச் செய்தது, கடைக்குள் நுழைந்ததும் விலையே கேட்காமல் “கட்டிக் குடுங்க” என்று சொல்வது. அப்படிப்பட்டவர்கள் வந்தால் எங்கள் முதலாளிக்கு அன்றைக்குத் தீபாவளி. இன்ன விலைக்கு மேல் ஒரு காசும் தர மாட்டேன் என்று விலையைக் குறித்துச் சொல்ல வேறொரு பொத்தான் இருந்தது. வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு அவர் தேநீர் வாங்கப் போயிருந்தாராம்.

உடனே எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைத்தொகுதிப் பங்கைப் பாதி விலைக்குக் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மாலையில் சந்தை மூடியதும் என் கேட்பு காலாவதியாகிவிட்டது. மறுநாள் கொஞ்சம் ஏற்றிக் கேட்டேன், அதுவும் போனது. தேக்காவில் பாதி விலைக்குக் கேட்டுவிட்டுக் கடையை விட்டு இறங்கினால், “அக்கா, வாங்க, கடைசியா எவ்வளவு தருவீங்க?” என்று பின்னாலேயே ஆள் வரும். நானே எத்தனை பேரை அப்படித் துரத்திப்போயிருக்கிறேன். இங்கே யாரும் என்னைத் துரத்தி வரவில்லை. என்னை அத்தனை வருடம் பாடாய்ப் படுத்திய வாடிக்கையாளர்களில் ஒருத்தியாக நானே ஆகிவிட்டேன் என்று புரிந்ததும் வெட்கமாகிவிட்டது.

அடுத்து, தைரியம் வந்து, நிஜக் கணக்கில் கடைத்தொகுதியில் குறைந்தபட்ச அளவாக நூறு பங்கு மட்டும் வாங்கிப் பார்த்தேன். கையிருப்பிலிருந்து போன தொகை கணக்கோடு ஒத்துவரவில்லை. பார்த்தால், கொஞ்சம் வாங்கினாலும் நிறைய வாங்கினாலும் தளத்துக்கு ஒரு குறைந்தபட்சக் கட்டணம் உண்டாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். “இத ஏன் சொல்லல?” என்று அவர் மேல் பாய்ந்தேன். அவர் பிளாஸ்டிக் உறையைத் திறந்து, வகுப்பில் கொடுத்த தாளில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்ததைக் காட்டினார். அடிக்கோடிட்டவர் அதற்குப் பிறகு அதைப் படிக்கவில்லை.

மாதங்கள் போயின. காலையில் காப்பியோடு திரையைத் திறப்பேன், அந்த இடைவெளி சுருங்குவதையும் விரிவதையும் பார்ப்பேன், எதையும் அழுத்தாமல் மூடுவேன். அவர் எட்டத்தில் நின்று, “நம்ம கப்பல் எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்பார். கப்பல் மெதுவாக நிமிர்ந்துகொண்டிருந்தது. வாங்கிய விலையை அது தொட்ட அன்று காலை, விற்கப்போகிறேன் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. வீட்டு ஆளைத் தூர தேசத்துக்கு அனுப்புகிறவர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என்னால் பார்க்க முடியவில்லை. “நூறு பங்கு மட்டும் விட்டு வைக்கிறேன், போதுமா?” என்றேன். வாய் கொள்ளாத சிரிப்பு. மீதியை, நான் குறித்த விலைக்கே, ஒரு காசு குறையாமல் விற்றேன்.

சில நாளில் அந்தத் தொகை கணக்குக்கு வந்து சேர்ந்தது. கடைத்தொகுதிப் பங்கைத் திறந்தேன். விலை எனக்குப் பிடித்த இடத்தில் இருந்தது. அதற்கு ஒரு படி கீழே குறித்தேன், எண்ணிக்கையைத் தட்டினேன், வாங்கும் பொத்தானை அழுத்தினேன். உறுதியா என்று பெட்டி வந்து நின்றது. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஏணியில் ஏறி இறங்கியதெல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்தது.

“ஏங்க, வாங்கட்டுமா?” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “உன் காசுலா. என்னை ஏன் கேக்குற?”

கிண்டலில்லை, கோபமில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். இந்த வார்த்தையை அவர் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் நான் இத்தனை பாடுபட்டேன். கேட்டதும் அழுகை வந்தது, அதன் பின்னாலேயே ஆத்திரம் வந்தது, அவர் மேல் இல்லை. கை நீட்டுவதில்லை என்று சபதம் போட்டவள், காசும் எலியும் என் கையில் இருக்கும்போது உத்தரவு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

“நான் ஒண்ணும் கேக்கல. சொன்னேன்” என்று எரிந்து விழுந்தேன்.

“சரி சரி, சொன்ன” என்று அவர் கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

நான் அழுத்தினேன்.